வெளிநாட்டில் மழலையர் பள்ளித் தன்னார்வ ஆசிரியர் வேலை: கிளம்பும் முன்பும் முதல் சில மாதங்களும்

#1 சிலேட்டுக்குச்சி

எல்லோருக்கும் வணக்கம். வெளிநாட்டுக் கிராமம் ஒன்றில், மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கான பள்ளிக்குத் தன்னார்வ ஆசிரியராகப் போகிறேன். பதினொரு மாதப் பணி. ஒரே அறையில் 38 பிள்ளைகள், உள்ளூர் ஆசிரியை ஒருவர். அந்த நாட்டு மொழி எனக்குத் தெரியாது. மலேரியா உள்ள பகுதி. தங்குவது ஒரு குடும்பத்தோடு. கிளம்ப நான்கு மாதம் இருக்கிறது. விசா, தடுப்பூசி, வகுப்பு என்று எதை எப்போது தொடங்க வேண்டும், எங்கே வழக்கமாகச் சொதப்பும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 முத்திரைத்தாள்

காகித வேலையிலிருந்து தொடங்குகிறேன், அதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.

சம்பளம் இல்லைதானே, சுற்றுலா விசாவே போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பல நாடுகளின் சட்டத்தில் ஊதியமில்லாத பணியும் பணிதான். பிடிபட்டால் அபராதம், திருப்பி அனுப்புதல், மறுபடி நுழையத் தடை என்று போகும். உங்களை வைத்திருந்த பள்ளிக்கும் சிக்கல். எந்த விசா வகையில் வருகிறீர்கள் என்று பெயர் குறிப்பிட்டு அழைப்புக் கடிதம் கேளுங்கள். வகையைச் சொல்லத் தயங்கும் அமைப்பு என்றால் அங்கேயே யோசிக்க வேண்டும்.

பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதைப் பலர் கிளம்பும் தேதியிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். பணி முடிந்து திரும்பும் தேதியிலிருந்து போடுங்கள். உங்களுக்குக் கிளம்பும் நாளில் பதினொன்றும் ஆறும் பதினேழு மாதம் மீதி இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் இப்போதே புதுப்பியுங்கள். விசா ஒட்டிய பிறகு பாஸ்போர்ட் எண் மாறினால் அது தனி அலைச்சல்.

பட்டச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் மூன்றுக்கும் அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று உங்கள் நாட்டு அரசு போடும் முத்திரை) கேட்பார்கள். 1961 ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு என்றால் அந்த ஒரு முத்திரை போதும். சேராத நாடு என்றால் உங்கள் வெளியுறவுத் துறையின் சான்றொப்பம் வாங்கி, பிறகு அந்த நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பமும் வாங்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கிறது. சீனா 2023 நவம்பரில்தான் உள்ளே வந்தது, கனடா 2024 ஜனவரியில். பழைய பதிவுகளை நம்பாமல் ஹேக் மாநாட்டு அமைப்பின் தளத்தில் இன்றைய பட்டியலைப் பாருங்கள்.

வரிசையும் முக்கியம். பட்டச் சான்றிதழை இப்போதே கொடுத்துவிடலாம், அது காலாவதியாகாது. காவல்துறைச் சான்றிதழ் அப்படியில்லை. மூன்று மாதத்துக்குள் அல்லது ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று நாட்டுக்கு நாடு விதி உண்டு. அதைக் கடைசியில் வாங்குங்கள். சான்றிதழில் முன்னெழுத்தும் பாஸ்போர்ட்டில் விரித்த பெயரும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை எல்லாவற்றுக்கும் முன்பே தயார் செய்யுங்கள். விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

#3 சுரமானி

உடம்பு விஷயத்தில் நான்கு மாதம் சரியாகப் போதும், தள்ளிப்போட்டால் போதாது. மருந்து எதுவும் உங்கள் மருத்துவரைக் கேட்டபிறகே. ஆனால் அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால்தான் பலன்.

ஹெபடைட்டிஸ் பி வழக்கமாக 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி. நான்கு மாதத்தில் அது முடியாது. அவசரப் பயணிகளுக்கு 0, 7, 21 நாள் என்று போட்டு, ஒரு வருடம் கழித்து நான்காவது ஊசி போடும் முறை உண்டு, அதைக் கேளுங்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா தடுப்பூசி இரண்டு தவணை போட்டதற்குச் சான்று இல்லையென்றால் மறுபடி போடுவார்கள். சிறு பிள்ளைகள் கூடும் இடத்தில் தட்டம்மை காட்டுத்தீயாகப் பரவும். மஞ்சள் காய்ச்சல் ஊசி அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டும்தான். அந்தச் சான்றிதழ் ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். 2016 முதல் ஆயுள் முழுக்கச் செல்லும். தட்டம்மை ஊசியும் இதுவும் உயிருள்ள கிருமி ஊசிகள். இரண்டுக்கும் நடுவே நான்கு வாரம் இடைவெளி விடுவது வழக்கம், அதனால் தேதிகளைச் சேர்த்தே திட்டமிடுங்கள்.

ரேபிஸ் முன்தடுப்பைக் கட்டாயம் கேளுங்கள். 2018 முதல் உலக சுகாதார நிறுவனம் இரண்டே ஊசி போதும் என்கிறது, முதல் நாள் ஒன்று, ஏழு நாள் கழித்து ஒன்று. கிராமப் பள்ளி முற்றத்தில் நாய் இல்லாமல் இருக்காது. இந்த ஊசி போட்டவரும் கடிபட்டால் சோப்பும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, மறுபடி ஊசிக்குப் போயே ஆக வேண்டும். ஆனால் கிடைப்பதற்கு அரிதான இம்யூனோகுளோபுலின் (ரேபிஸ் எதிர்ப்பொருள் ஊசி) தேவைப்படாது. தொலைவான ஊரில் அந்த வித்தியாசமே உயிர் காக்கும்.

மலேரியா மாத்திரையில் எல்லோரும் தவறவிடுவது ஊர் திரும்பிய பிறகான பகுதி. டாக்சிசைக்ளின் என்றால் பகுதியை விட்டு வந்தபின் நான்கு வாரம், அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாள் தொடர வேண்டும். டாக்சிசைக்ளின் வெயிலில் தோலைச் சுடும். நிறையத் தண்ணீரோடு நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். மாத்திரை போட்டாலும் கொசுவலை வேண்டும். பூச்சிமருந்து ஊட்டிய வலையை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். தொங்கவிட்டால் காற்றில் விலகும், தூக்கத்தில் கை வலையை ஒட்டியிருந்தால் வெளியிலிருந்தே கடிக்கும்.

இதையெல்லாம்விட முதல் மூன்று மாதத்தில் உங்களைப் படுக்க வைக்கப்போவது சளி, வயிற்றுப்போக்கு, கண்வலி, பேன், சிரங்கு. சிரங்குக்கு 5% பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து கால்விரல் வரை பூசி எட்டு முதல் பதினான்கு மணி நேரம் விட்டுக் கழுவி, ஒரு வாரத்தில் மறுபடி பூச வேண்டும். அதே நாளில் வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் பூசாவிட்டால் திரும்ப வரும். பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிக்கும்; மருந்து வேலை செய்யவில்லை என்று திரும்பத் திரும்பப் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பத்தாவது கையில் இருக்கட்டும். தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு சமக் கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. கரண்டி என்று சொல்வது 5 மில்லி தேக்கரண்டியை. உப்பு கூடினால் ஆபத்து, அளந்தே போடுங்கள்.

#4 சிலேட்டுக்குச்சி

மிக்க நன்றி. ஹெபடைட்டிஸ் கணக்கு எனக்குத் தெரியவே தெரியாது. அடுத்தது வகுப்பு. மொழி தெரியாமல் 38 பிள்ளைகள் முன்னால் முதல் நாள் என்ன செய்வது?

#5 பாய்விரிப்பு

முதல் நாள் எதுவும் நடத்தாதீர்கள். முதல் இரண்டு வாரமும் வேண்டாம். அந்த ஆசிரியை ஏற்கெனவே 38 பிள்ளைகளை வைத்துச் சமாளிக்கிறார். எந்தப் பிள்ளை யாரோடு உட்கார்ந்தால் அடித்துக்கொள்ளும், எவனுக்கு ஒரு காது கேட்காது, யார் காலையில் சாப்பிடாமல் வருகிறாள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவருடைய கைக்கு உதவியாகப் போகிறீர்கள், அவர் இடத்துக்குப் போகவில்லை. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியது.

மொழியை இங்கேயே தொடங்குங்கள். இலக்கணம் அப்புறம் பார்க்கலாம். அந்த ஆசிரியையிடமோ அமைப்பிடமோ கேட்டு, குரல் பதிவாக அறுபது தொடர்கள் வாங்குங்கள். உட்கார், எழுந்திரு, வா, நில், காட்டு, மெதுவாக, போதும், தண்ணீர், கழிப்பறை என்று ஏவல் சொற்களும் அன்றாடப் பொருள்களும். எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு தொடர்: "எங்கே வலிக்குது?", "அம்மா வருவாங்க". அழும் பிள்ளையிடம் இந்த இரண்டையும் அதன் மொழியில் சொல்ல முடியாத ஆளிடம் வகுப்பைத் தனியாக விடவே கூடாது. அமெரிக்க அமைதிப் படை தன் இரண்டாண்டுப் பணிக்கு முன்னால் சுமார் மூன்று மாதம் பயிற்சி வைக்கிறது, பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்க வைத்து. மொழி அதில் முக்கியப் பகுதி. காரணம் இதுதான்.

38 பெயர்களையும் முதல் வாரத்திலேயே படியுங்கள். ஆசிரியை வருகை எடுக்கும்போது அனுமதி கேட்டுப் பதிவு செய்து, இரவில் கேட்டுச் சொல்லிப் பாருங்கள். நாக்குக்கு வரவில்லை என்று சுருக்கிச் செல்லப்பெயர் வைக்கக் கூடாது.

மூன்றாம் வாரத்திலிருந்து தினமும் இருபது நிமிடம் உங்களுடையது, பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லித்தரும் புது மொழிக்கு. 38 பேரையும் ஒன்றாக வைக்காதீர்கள். பாதிப் பேர் ஆசிரியையோடு வெளியே விளையாட, 19 பேர் பாயில் உங்களோடு, பிறகு மாற்றிக்கொண்டு மற்றவர்களோடும் அதே இருபது நிமிடம். அரைவட்டமாக இரண்டு வரிசை, சின்னவர்கள் முன்னால். நீங்கள் தாழ உட்காருங்கள், சன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி. சன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்தால் பிள்ளைகளுக்குத் தெரிவது கருத்த உருவம்தான். வாயசைவு தெரியாமல் புதுச் சொல் காதில் ஏறாது. வாசல் பிள்ளைகளின் முதுகுப்புறம் இருக்கட்டும், இல்லையென்றால் தெருவில் போகும் ஆட்டைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டு நிமிடம் வணக்கப் பாட்டு, மாதக்கணக்கில் அதே பாட்டு. ஐந்து நிமிடம் செயல் கட்டளை: நீங்கள் "குதி" என்று சொல்லிக் குதிக்கிறீர்கள், அவர்களும் குதிக்கிறார்கள். ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியலாளர் 1960களில் வளர்த்தெடுத்த முறை இது. பிள்ளை பேசத் தேவையில்லை, உடம்பால் பதில் சொன்னால் போதும். அடுத்த ஐந்து நிமிடம் துணிப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கும் நிஜப் பொருள்கள். பிறகு ஐந்து நிமிடக் கதை, ஒரே கதை வாரம் முழுக்க. கடைசியில் கைகழுவப் போகும் பாட்டு. வாரத்துக்கு நான்கைந்து புதுச் சொல், அதற்கு மேல் வேண்டாம்.

"இது என்ன? சொல்லு" என்று ஆரம்பத்தில் கேட்கவே கேட்காதீர்கள். புது மொழி காதில் விழத் தொடங்கிய பிள்ளை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வாயே திறக்காது. கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். "பந்து எங்கே?" என்று கேட்டால் விரலை நீட்டும், அதுவே சரியான பதில். தப்பாகச் சொன்னால் திருத்தாமல் சரியான வடிவத்தை நீங்கள் ஒருமுறை சொல்லிவிட்டு மேலே போய்விடுங்கள்.

குரலைக் காப்பாற்றுங்கள். புதிதாக வருபவர்களுக்கு இரண்டாம் வாரத்தில் தொண்டை கட்டும், 38 பேரின் சத்தத்துக்கு மேல் கத்துவதால். ஒரு கைத்தட்டுத் தாளம் பழக்குங்கள்: நீங்கள் தட்டினால் அவர்கள் திருப்பித் தட்ட வேண்டும். தட்டி முடிந்து வரும் அமைதியில் தாழ்ந்த குரலில் பேசலாம். தொண்டை கட்டியபின் கிசுகிசுப்பதும் நல்லதல்ல, அதுவும் குரல்நாணைச் சிரமப்படுத்தும்.

#6 நாலாம்வரிசை

பாய்விரிப்பு சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் இரண்டு வாரம் சும்மா உட்கார்ந்து பார்ப்பது எல்லாப் பள்ளிக்கும் ஒத்துவராதுங்க. வந்தவர் வேலை செய்ய வந்தாரா, வேடிக்கை பார்க்க வந்தாரா என்று பெற்றோர் கேட்பாங்க. ஆசிரியைக்கும் அது மேற்பார்வை மாதிரி உறுத்தும்.

பார்ப்பதை வேலையோடு சேர்த்துச் செய்யுங்க. பாய் விரிக்கிறது, சிலேட்டு துடைக்கிறது, கைகழுவும் வரிசையில் தண்ணீர் ஊற்றுறது, மூக்குத் துடைக்கிறது. இருபது நொடி சோப்புப் போட்டுக் கழுவ ஒரு பாட்டு சொல்லிக்கொடுத்தால் அதுவே முதல் பாடம். குறிப்பேட்டைப் பிள்ளைகள் எதிரில் திறக்க வேண்டாம், சாயங்காலம் எழுதுங்க.

பொருள்களைப் பற்றியும் சொல்லணும். பெட்டி நிறைய அட்டைகளும் பொம்மைகளும் கொண்டுபோகாதீங்க. நீங்க கிளம்பியபின் கிழிந்தால் அங்கே மாற்று கிடைக்காது. பாட்டில் மூடி, சாக்கட்டி, துணித்துண்டு, குச்சி என்று அங்கே கிடைக்கிறதில் செய்தால் ஆசிரியை தொடர்ந்து செய்வாங்க. ஆனால் அளவு பாருங்க. மூன்று வயசுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளின் பொம்மைக்கான சோதனைக் குழாயின் விட்டம் 3.17 சென்டிமீட்டர், அதற்குள் அடங்குகிற எதுவும் மூச்சுக்குழாயை அடைக்கலாம் என்று கணக்கு. பல பாட்டில் மூடிகள் அதற்குள் அடங்கும். மூன்று வயசானவர்களும் வாயில் போடுவாங்க, அதனால் இரண்டு மூடியைச் சேர்த்து ஒட்டுங்க, அல்லது அட்டையில் தைத்துவிடுங்க. எண்ணுவதற்குப் பயறு, விதை கொடுக்கவே வேண்டாம். மூக்கில் போட்டால் ஈரத்தில் ஊதி இறுகும்; குச்சியால் எடுக்கப் போனால் இன்னும் உள்ளே போகும். பட்டன் பேட்டரி உள்ள எந்தப் பொருளும் வகுப்புக்குள்ளே வரக்கூடாது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரிக்கத் தொடங்கும்.

பிசைந்து விளையாட மாவு செய்வாங்க: இரண்டு கோப்பை மாவு, ஒரு கோப்பை உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், முக்கால் கோப்பை தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையணும். ஈரக்காற்றில் உப்பு நீரை இழுத்து மறுநாளே பிசுபிசுக்கும். மூடிய டப்பாவில் வைத்து மாவு தூவிப் பிசைந்தால் சில நாள் வரும். ஆனால் வீட்டில் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு உள்ள பிள்ளைகள் முன்னால் மாவை விளையாட்டுப் பொருளாக்குவது எனக்குச் சம்மதமில்லை. களிமண்ணைக் காயவைத்துப் பொடித்துச் சலித்து, ஊறவைத்துப் பிசையுங்க. கழிப்பறைக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் தள்ளி எடுத்த மண்ணா என்று மட்டும் உறுதி செய்யணும்.

#7 பாய்விரிப்பு

வேலை செய்துகொண்டே பார்ப்பது என்பது நான் சொன்னதைவிட நல்ல வழி, ஒப்புக்கொள்கிறேன். நடத்துவது மட்டும் மூன்றாம் வாரத்துக்கு முன் வேண்டாம்.

அழுகை பற்றியும் ஒன்று. காலையில் விட்டுப்போகும் அம்மாவை, பிள்ளை பார்க்காத நேரமாக நழுவச் சொல்லாதீர்கள். அன்று தப்பித்தாலும் மறுநாள் அது கையை விடாது. சுருக்கமாக, தினம் ஒரே மாதிரி விடைபெற்றுப் போகட்டும். அழும் பிள்ளையை முதல் மாதம் ஆசிரியைதான் வாங்க வேண்டும், புது முகம் பயத்தைக் கூட்டும். நீங்கள் பக்கவாட்டில், எட்டும் தூரத்தில் உட்கார்ந்து ஏதாவது அடுக்கிக்கொண்டிருங்கள், அதுவாக வரும்.

#8 குடைநிழல்

பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. பணியை ஒப்புக்கொள்ளும் முன்பே அமைப்பிடம் எழுத்துப்பூர்வமான குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை கேளுங்கள். உங்களிடம் காவல்துறைச் சான்றிதழே கேட்காத அமைப்பு மற்ற யாரிடமும் கேட்டிருக்காது. பணம் கட்டச் சொன்னால் எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்: தங்குமிடம், காப்பீடு, நிர்வாகம், பள்ளிக்குப் போய்ச் சேருவது. இடம் பள்ளியா, அநாதை இல்லமா என்பதையும் உறுதி செய்யுங்கள். இல்லங்களில் தன்னார்வலர் வந்து வந்து போவது பிள்ளைகளைக் காயப்படுத்துகிறது. தன்னார்வலரின் பணத்துக்காகவே பெற்றோர் உள்ள பிள்ளைகளைக் கொண்டுவந்து வைக்கும் இல்லங்களும் உண்டு. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை குழந்தை உரிமைத் தீர்மானத்திலேயே இந்தத் தீங்குகளைத் தடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, இன்னொரு பெரியவர் கண்ணில் படும் இடத்தில்தான் எதுவும். கழிப்பறைக்கு அழைத்துப்போவது, உடை மாற்றுவது உள்ளூர் உதவியாளர் வேலை. பிள்ளைகளை வீட்டுக்கு அழைக்க வேண்டாம், தனியாக ஒருவருக்கு மட்டும் பரிசு வேண்டாம். படம் எடுக்கப் பள்ளியும் பெற்றோரும் சம்மதித்தாலும், பிள்ளையின் முகம், பெயர், ஊர் மூன்றும் சமூக ஊடகத்தில் சேர்ந்து வரக் கூடாது. உங்கள் ஊரில் உங்கள் பிள்ளையின் பள்ளியில் ஒரு வெளிநாட்டவர் எதைச் செய்தால் பொறுக்க மாட்டீர்களோ, அதை அங்கேயும் செய்யாதீர்கள்.

அடிக்கும் பழக்கம் உள்ள பள்ளியாக இருந்தால்? பிள்ளைகள் எதிரில் ஆசிரியையிடம் சண்டை போட்டால் அவருக்கு அவமானம். நீங்கள் போனபின் அடி கூடும். நீங்கள் ஒருபோதும் அடிக்காதீர்கள், அடிக்கக் கூப்பிட்டாலும் மறுத்துவிடுங்கள். குச்சி எந்த நேரத்தில் வெளியே வருகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில், பிள்ளைகள் சும்மா காத்திருக்கும்போதுதான். அந்த இடைவெளியைப் பாட்டாலும் கைத்தட்டாலும் நீங்கள் நிரப்பினால் குச்சிக்கு வேலை குறையும். காயம் படுமளவு அடித்தால் அது வேறு விஷயம், அன்றே அமைப்பின் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டுப் போங்கள். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்குத் தொண்டையில் அடைத்து, இருமவும் முடியவில்லை என்றால் முதுகில் ஐந்து தட்டு, வயிற்றில் ஐந்து அழுத்தம், மாறி மாறி. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது போதாது, பொம்மையில் செய்து பழக வேண்டும்.

#9 சுரமானி

வீட்டைப் பற்றிக் கொஞ்சம். குடும்பத்தோடு தங்குவது மொழிக்கு மிக நல்லது. போகும் முன்பே அமைப்பு வழியாகச் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள்: அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், சாப்பாட்டுக்கு மாதம் எவ்வளவு, யார் கையில் கொடுப்பது, இரவு எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். வந்தபின் கேட்டால் குறை சொல்வதுபோல் ஆகிவிடும். குடிநீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், 2000 மீட்டருக்கு மேலுள்ள மலையூர் என்றால் மூன்று நிமிடம்.

காப்பீட்டில் மருத்துவ வெளியேற்றம் (நோயாளியை வசதியுள்ள மருத்துவமனைக்கோ சொந்த நாட்டுக்கோ கொண்டுபோகும் செலவு) என்ற பிரிவு இருக்கிறதா, தன்னார்வப் பணியை விலக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் பணி என்றாலே விலக்குதான். இரண்டு வங்கி அட்டை, வெவ்வேறு நிறுவனத்தினுடையது, வெவ்வேறு இடத்தில். உங்கள் நாட்டுத் தூதரகத்தில் முதல் வாரமே பதிவு செய்யுங்கள்.

மனசும் உடம்பில் சேர்த்திதான். புதுமை தீர்ந்தபின் ஒரு தாழ்வு வருவது இயல்பு. தூக்கம் கெடும், எல்லாவற்றிலும் எரிச்சல் வரும், அறையை விட்டு வரப் பிடிக்காது. தினமும் ஊரோடு மணிக்கணக்கில் பேசினால் அது நீளும். வாரத்தில் இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டு, மீதி மாலைகளை அந்த வீட்டு அடுக்களையில் கழியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் திரும்பாவிட்டால் மருத்துவரிடம் பேசுங்கள். மெஃப்ளோகுவின் மலேரியா மாத்திரை போடுபவர்களுக்குக் கெட்ட கனவும் பதற்றமும் அந்த மருந்தாலேயே வரலாம். அப்படியானால் காத்திராமல் உடனே கேளுங்கள்.

#10 சிலேட்டுக்குச்சி

எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். குரல் பதிவுக்கு இன்றே கடிதம் போடுகிறேன். ஒரே ஒரு கேள்வி: பதினொரு மாதம் கழித்துக் கிளம்பும்போது என்ன செய்வது?

#11 பாய்விரிப்பு

ஒன்பதாம் மாதத்திலிருந்தே உங்கள் இருபது நிமிடத்தை ஆசிரியையிடம் மாற்றத் தொடங்குங்கள். முதலில் வணக்கப் பாட்டு அவருடையது, நீங்கள் கூடப் பாடுங்கள். பிறகு கட்டளை விளையாட்டு, பிறகு கதை. கடைசி இரண்டு வாரம் அவர் நடத்த, நீங்கள் பாயின் ஓரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கே தடுமாறுகிறார், எதை அவர் விரும்பவில்லை என்று அப்போது தெரியும். விரும்பாததை விட்டுவிடச் சொல்லுங்கள்.

பாட்டுகளை அவர் குரலிலேயே பதிவு செய்து அவர் கைப்பேசியில் வையுங்கள். வாரவாரியான சொற்பட்டியலை அவர் மொழியில், அவர் கையெழுத்தில் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிக்கொடுத்தால் அது அலமாரியில் கிடக்கும்.

பிள்ளைகளுக்கு ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும், அதற்கு முன் சொன்னால் அவர்களுக்கு நாள் கணக்கு பிடிபடாது. ஏழு கட்டம் வரைந்த அட்டையில் தினம் ஒன்றை ஒரு பிள்ளை நிரப்பட்டும். திரும்பி வருவேன் என்று சொல்லாதீர்கள், வருவது உறுதியாக இருந்தால் தவிர. கடைசி நாள் வழக்கமான நாளாகவே நடக்கட்டும், கூட்டமும் அழுகையும் பள்ளி விட்டபின் பெரியவர்களோடு. உங்கள் இடத்துக்கு அடுத்த தன்னார்வலர் வருவதாக இருந்தால், 38 பெயர்களின் உச்சரிப்புப் பதிவை அவருக்கு முன்கூட்டியே அனுப்பிவையுங்கள், ஆசிரியையின் சம்மதத்தோடு.